ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எப்போது மாற்றுவது? வன்னியின் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் ஒரு விளக்கம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று எங்கு போனாலும் கடை முதலாளிகளிடமும் ஆலைக்காரரிடமும் சங்க முகாமையாளர்களிடமும் ஒரே கேள்விதான்: "எங்கட கொம்பியூட்டர் நல்லாத்தானே ஓடுது, பிறகேன் மாத்தச் சொல்லுறாங்கள்?"

நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் உடனே மாற்றுங்கள் என்று சொல்பவர் பெரும்பாலும் விற்பவராக இருக்கிறார். பழுதாகும்வரை கைவைக்காதீர்கள் என்று சொல்பவர் பழுதாகும் நாளில் கடைப்பக்கம் வருவதில்லை. முதலாளிக்குத் தேவை ஒரு கணக்கு. இயந்திரத்தின் வயதைப் பார்த்து அந்தக் கணக்கைத் தொடங்கக்கூடாது. இயந்திரம் நின்றுபோனால் வியாபாரத்தில் எது நிற்கும், எது திரும்பக் கிடைக்காது என்று பார்த்துத் தொடங்கவேண்டும்.

## கட்டமைப்பு என்பதில் என்ன அடங்கும்

கட்டமைப்பு என்றவுடன் பலருக்குக் கண்ணில் வருவது கணினிப் பெட்டி மட்டும்தான். ஏ9 வீதியோரம் உள்ள நடுத்தர ஹாட்வெயார் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்மேசையில் பில் போடும் கணினிகள் இரண்டு. பின்னறையில் இன்னொரு கணினி. கையிருப்பு, கொள்வனவு, கடன் கணக்கு எல்லாம் அதற்குள்தான். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ரவுட்டர். அங்கிருந்து முன்மேசைக்கு ஓடும் வயர் கதவிடுக்கில் நசிந்து கிடக்கிறது. மேசைக்கடியில், சீமெந்துத் தூசி படிந்த யூபிஎஸ்.

அந்தப் பின்னறைக் கணினிதான் கடையின் சேர்வர். அந்தப் பெயரில் யாரும் அதை அழைக்காததால் அதற்குரிய கவனிப்பும் கிடைப்பதில்லை. முன்மேசைக் கணினி ஒன்று பழுதானால் மற்றையதில் வேலை நடக்கும். பின்னறைக் கணினி நின்றால் கடை முழுவதும் நிற்கும். எதை முதலில் பார்ப்பது என்பதற்கு இந்த வேறுபாடு முக்கியம். இயந்திரங்கள், வயரும் ரவுட்டரும், மின்சார ஏற்பாடு, மென்பொருள், அதற்குள் இருக்கும் தரவு, அந்தத் தரவின் பெக்கப் (காப்புப் பிரதி) ஆகிய எல்லாம் சேர்ந்ததே கட்டமைப்பு. அதில் ஆகப் பலவீனமான பகுதி தாங்கும் அளவுக்குத்தான் மற்றவையும் பயன்படும்.

## ஆதரவு முடிவது என்றால் என்ன

விண்டோஸ் போன்ற பெரிய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மைக்ரோசொப்ட் மாதந்தோறும் அப்டேட் மூலம் அவற்றை அடைக்கிறது. ஆதரவு முடிந்த பிறகு கணினி வழமைபோல் ஓடும், ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். விண்டோஸ் 11 இற்கு வரும் அப்டேட்டைப் பிரித்துப் பார்த்து, அதே ஓட்டை விண்டோஸ் 10 இலும் இருக்கிறதா என்று தேடுவது தாக்குபவர்களுக்குப் பெரிய வேலையல்ல.

2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் வைரஸ் 150 இற்கு மேற்பட்ட நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அகப்பட்டவர்கள் அதைப் போடாதவர்களும், ஆதரவு முடிந்த பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களும்.

எங்கள் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் (இணையம் வழியாகத் தரவு வைக்கும்) சேவை இத்தகைய கப்ப வைரஸால் தாக்கப்பட்டது. அரச அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு இழக்கப்பட்டது. அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. நிதிப் பற்றாக்குறையால் புதுப்பித்தல் தள்ளிப்போனதாகக் காரணம் சொல்லப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த பெக்கப்பும் தாக்குதலில் சேர்ந்து பூட்டுப்பட்டது. அதிலிருந்து பிரித்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. காலாவதியான மென்பொருள், பிந்திய முடிவு, பிரித்து வைக்காத பெக்கப் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் அது. எங்கள் கடைகள் பலவற்றில் இந்த மூன்றும் இன்றைக்கும் சேர்ந்தே இருக்கின்றன.

உங்கள் கணினி விண்டோஸ் 11 ஐ ஏற்குமா என்பதை ஓரளவு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் கணினி பற்றிய பக்கத்தில் புரோசசரின் பெயர் இருக்கும். இன்டெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால் அதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 7500 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, 8400 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் ஏற்கப்படும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். சில கணினிகளில் அது இருந்தும், விண்டோஸுக்கு முன் ஓடும் பயோஸ் என்ற அமைப்பில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், திறந்துவிட்டால் போதும். அதைப் பார்க்காமலே புதுப் பெட்டி வாங்கச் சொல்பவரிடம் ஒருதடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்ற முடியாதவர்களுக்கு ஒரு இடைவழி இருக்கிறது. நிறுவனங்கள் காசு கட்டி விண்டோஸ் 10 இற்கான பாதுகாப்பு அப்டேட்டை மேலும் மூன்று ஆண்டுகள் பெறலாம். ஒரு கணினிக்கு முதலாம் ஆண்டு 61 டொலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. மூன்றாண்டுகளும் கட்டினால் 427 டொலர். அந்தக் காசைப் பழைய பெட்டியில் கொட்டுவது எந்த வகையிலும் சரிவராது. ஒரு வருடம் அவகாசம் வாங்க மட்டும் பயன்படுத்தலாம்.

## மெதுவாக ஓடுவது தனியாக ஒரு காரணமல்ல

"ஸ்லோவாப் போச்சுது, புதுசு எடுப்பம்" என்று முடிவெடுப்பவர்கள் அதிகம். மெதுவாவதற்குப் பெரும்பாலும் மலிவான வைத்தியம் இருக்கிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் 100 வீதம் என்று தொடர்ந்து நின்றால், உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் தடை. அந்த வகை டிஸ்க் ஒரு விநாடிக்கு நூறு அளவிலான சிறு வாசிப்புகளைத்தான் செய்யும். சுழலும் பாகம் இல்லாத புதுவகை டிஸ்கான எஸ்எஸ்டி, சாதாரணமானதே பல்லாயிரம் செய்யும். 4 ஜிபி ராமை 8 ஆக்கி, எஸ்எஸ்டி போட்டால் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று பில் வேலைக்கு இன்னும் சில வருடம் தாராளமாகப் போதும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர் இது. திருத்தித் திருத்திப் பாவிக்கும் அந்தக் கைவண்ணம் மதிப்புக்குரியது, கணினிப் பெட்டிக்கும் அது பொருந்தும். தரவுக்கு மட்டும் பொருந்தாது. பழுதான ராமுக்குப் பதில் இன்னொன்று போடலாம். அழிந்த கடன் கணக்குக்குப் பதில் போட எதுவும் இல்லை.

## கவனிக்கவேண்டிய அறிகுறிகள்

1. வேலையாட்கள் மாற்றுவழி கண்டுபிடித்துவிட்டார்கள். இது முதலாளி கடைசியாக அறியும் அறிகுறி. கணினி உறைந்தால் கையால் சிட்டை எழுதி, பின்னேரம் சேர்த்துப் பதிவது; காலையில் அரைமணி முந்தி வந்து கணினியைப் போட்டுவிடுவது; ஒருவர் பில் போடும்போது மற்றவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பது. முன்மேசையில் நிற்கும் பிள்ளையிடம் கேளுங்கள்: ஒரு கிழமையில் எத்தனை தரம் கையால் எழுதுகிறீர்கள்? எழுதிய சிட்டையெல்லாம் திரும்பப் பதியப்பட்டதா? இரண்டாவது கேள்விக்குத் தயக்கம் வந்தால் கையிருப்புக் கணக்கு ஏற்கெனவே பிழையாகிவிட்டது.

2. தரவு வைக்கும் இடம் நிரம்புகிறது. பில் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் மைக்ரோசொப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் இருக்கும். பாவனையிலுள்ள பெரும்பாலான பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. இன்னும் பழைய மென்பொருளில் அக்சஸ் என்ற தரவுத்தளம் இருந்தால் எல்லை 2 ஜிபி. ஹார்ட் டிஸ்க்கில் 300 ஜிபி வெறுமையாகக் கிடந்தாலும் அந்த எல்லையைத் தொட்ட நாளில் புதுப் பில் பதியாது. டிஸ்க் பழுதென்று நினைத்து அதை மாற்றுவார்கள், அப்போதும் பதியாது. எட்டுப் பத்து வருடமாக ஒரே தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும் மொத்த வியாபாரக் கடைகள் இதை இப்போதே பார்க்கவேண்டும். எக்செல்லில் கணக்கு வைப்பவர்களுக்கும் இது உண்டு. பழைய வகைக் கோப்பில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும்.

3. மென்பொருளைச் செய்தவர் இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு திறக்கப்பட்ட பல கடைகளில் பில் மென்பொருளைச் செய்தது தெரிந்த பெடியன் ஒருவர். நல்லாகச் செய்தும் கொடுத்தார். இப்போது அவர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கிறார். நல்ல மனது, வட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு உதவி செய்கிறார். ஆனால் மென்பொருளின் மூலக்குறி (சோர்ஸ் கோட்) யாரிடம்? தரவுத்தளத்தின் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? வற் வரி வீதம் 2024 ஜனவரி முதல் 18 வீதமானபோது அதை மாற்ற எத்தனை நாள் எடுத்தது? ஒருவரில் மட்டும் தங்கியிருக்கும் மென்பொருள், புத்தம்புதுக் கணினியில் ஓடினாலும் பழைய கட்டமைப்புத்தான்.

4. புதியதை ஒட்ட முடியவில்லை. புதுக்குடியிருப்பில் இரண்டாவது கிளை திறந்தாயிற்று, ஆனால் அங்குள்ள கையிருப்பை அறிய போன் எடுத்துத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. போனில் ஸ்கேன் செய்து கட்டும் லங்காகியூஆரில் வந்த காசைப் பில்லோடு ஒப்பிட ஒருவர் இரவில் உட்காரவேண்டியிருக்கிறது.

5. டிஸ்க் எச்சரிக்கிறது. கிளிக் சத்தம், திறக்க மறுக்கும் கோப்புகள், தொடங்கும்போது வரும் டிஸ்க் எச்சரிக்கை. இதற்கு ஆலோசனை தேவையில்லை. அன்றைக்கே பிரதி எடுத்து, அந்தக் கிழமைக்குள் டிஸ்கை மாற்றவேண்டும்.

6. களவு விண்டோஸ். உடைத்துப் போட்ட விண்டோஸும் மென்பொருளும் பாவிக்கும் கடைகள் நிறைய. உடைக்கும் கருவியை ஓடவிட வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள், அந்தக் கருவியோடேயே வைரஸ் வருவதும் உண்டு. பிறகு அப்டேட்டையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட கணினியைப் புதியதாக இருந்தாலும் ஆதரவு முடிந்ததாகவே கணக்கெடுக்கவேண்டும்.

## மின்சாரம், வெக்கை, தூசி

வெளிநாட்டு ஆலோசனைகளில் கணினிக்கு ஐந்து வருடம், யூபிஎஸ் பெட்டரிக்கு மூன்று முதல் ஐந்து வருடம் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்கு 25 பாகை செல்சியஸ் அறைக்கு. யூபிஎஸ்ஸில் இருக்கும் ஈய அமில பெட்டரியின் ஆயுள், வெப்பம் ஏறத்தாழ 10 பாகை கூடும்போது பாதியாகக் குறையும். தகரக் கூரைக்குக் கீழ், மத்தியான வெக்கையில் இருக்கும் யூபிஎஸ்ஸை இரண்டு வருடத்திலேயே சோதிக்கத் தொடங்கவேண்டும்.

சோதனை எளிது. வியாபாரம் முடிந்த பிறகு, எல்லாக் கோப்பையும் மூடிவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கணினியை ஒழுங்காக நிறுத்த ஐந்து நிமிடமாவது கிடைக்காவிட்டால் பெட்டரியை மாற்றவேண்டும். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலம், மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை, மின்வெட்டு இருந்த காலத்தில் அடிக்கடி முழுவதும் வற்றிய பெட்டரிகள் இன்னும் சில கடைகளில் இருக்கின்றன. பச்சை லைற் எரிகிறது, கறண்ட் போனால் கணினியும் சேர்ந்து போகிறது.

கறண்ட் போவதைவிட அது திரும்பி வரும் விதமும், இடையில் ஏறி இறங்குவதும் கூடுதல் சேதம் செய்யும். பரந்தன் பக்கமோ முருங்கன் பக்கமோ உள்ள அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மோட்டர் ஒன்று தொடங்கும் கணத்தில் அதன் வழமையான மின்னோட்டத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். அதே லைனில் அலுவலகக் கணினி இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதன் வோல்டேஜ் விழுந்து எழும். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது நடந்தால் கோப்பு பழுதாகும். "வைரஸ் வந்திட்டுது" என்று விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும் ஆலைகளில் முதலில் பார்க்கவேண்டியது வயரிங். அலுவலகத்துக்கு மோட்டர் இல்லாத தனி லைன், ஒழுங்கான எர்த், வோல்டேஜைத் தானாகச் சீர்செய்யும் வகை யூபிஎஸ் என்ற மூன்றும் புதுக் கணினிக்கு முன் வரவேண்டியவை. ஜெனரேற்றரில் ஓடும்போது மலிவான யூபிஎஸ் சில அந்தக் கறண்டை ஏற்காமல் பெட்டரியிலேயே ஓடி முடியும். வாங்கும் முன் உங்கள் ஜெனரேற்றரிலேயே போட்டுப் பார்க்கக் கேளுங்கள்.

உமித்தூசியும் சீமெந்துத் தூசியும் விசிறியை அடைக்கும், அடைபட்டால் புரோசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதித் துடைத்தாலே "ஸ்லோ" என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு குறையும். இடி மின்னல் காலத்தில் மின்பிளக்கைக் கழற்றுபவர்கள் செப்பு டெலிபோன் வயரைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். மின்னல் அதன் வழியாகவும் ரவுட்டருக்கு வரும்.

## கடைக்குள் வைப்பதா, கிளவுட்டில் வைப்பதா

கிளவுட் மென்பொருளுக்கு மாறினால் சேர்வர் கவலை பெருமளவு நீங்கும், கிளைகள் இணையும். பதிலுக்கு இணையம் நின்றால் கடையும் நிற்கும். ஆகவே கேட்கவேண்டிய முதல் கேள்வி: இணையம் இல்லாதபோதும் பில் போட்டு, பிறகு தானாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா? இல்லையென்றால் வன்னியில் அந்த மென்பொருளை எடுக்கவேண்டாம். இரண்டாவது, இரண்டு வழி இணையம். பைபர் ஒன்றும், வேறொரு நிறுவனத்தின் 4ஜி ரவுட்டர் ஒன்றும் இருந்தால் நகரக் கடைக்குப் போதும். கோபுரச் சிக்னல் எட்டாத உட்கிராமங்களுக்கு 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்கும் ஒரு தெரிவு. செலவு அதிகம், மாதம் முழுக்கப் பல கணினி ஓடும் இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

கடைக்குள் வைப்பவர்களுக்கு வெள்ளம் ஒரு கேள்வி. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடும் வெள்ளம் வந்தது. சேர்வரும் பெக்கப் ஹார்ட் டிஸ்கும் ஒரே மேசைக்கடியில் இருந்தால் இரண்டும் ஒன்றாக நனையும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. வேறு இடம் என்பது கிளவுட்டாகவும் இருக்கலாம், மேட்டில் இருக்கும் உறவினர் வீடாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியை இன்னொரு கணினியில் ஏற்றித் திறந்து பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத பெக்கப்பை இருப்பதாக எண்ணவேண்டாம்.

## செலவைக் கணக்கிடும் முறை

இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு முதலாளியும் எழுத்தில் பதில் வைத்திருக்கவேண்டும். கணினி நின்றால் எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிப்பேன்? எத்தனை நாள் பதிவை இழந்தால் சமாளிப்பேன்?

உதாரணத்துக்கு ஒரு ஹாட்வெயாரில் நாள் விற்பனை 3 இலட்சம் ரூபா, மொத்த இலாபம் 12 வீதம் என்று வைப்போம். ஒரு நாள் நின்று, வாடிக்கையாளரில் பாதிப்பேர் அடுத்த கடைக்குப் போனால் இழப்பு 18,000 ரூபா. பெரிதாகத் தெரியாது. மாதத்துக்கு அரைநாள்படி நின்றால் வருடத்துக்கு 108,000 ரூபா. இது எஸ்எஸ்டி, ராம், பெட்டரி எல்லாம் போட்டும் மிஞ்சும் காசு.

உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வன்னியில் பசளைக் கடையும் ஹாட்வெயாரும் பலசரக்குக் கடையும் ஓடுவது கடனில். விதைப்புக்கு எடுத்ததை அறுவடைக்குப் பிறகு கட்டுவார்கள், மேசன்மார் வேலை முடிந்த பிறகு கட்டுவார்கள். அதே கடையில் வரவேண்டிய கடன் 25 இலட்சம் என்றால், அந்தத் தொகைக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி பின்னறைக் கணினியில் இருக்கிறது. முன்னர் அது கொப்பியில் இருந்தது, வாங்கியவரின் கையெழுத்தும் இருந்தது. கணினிக்கு மாறியபோது கொப்பியைக் கைவிட்டார்கள், அதற்கு ஈடாகப் பெக்கப்பை ஏற்படுத்தவில்லை. மூன்று கிழமைப் பதிவு அழிந்தால் மூன்று கிழமைக் கடன் வாடிக்கையாளரின் நேர்மையில் மட்டும் தங்கியிருக்கும். நேர்மையானவருக்கும் தொகை நினைவிருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, புதுக் கணினி வாங்க வசதியில்லாத கடையும் பெக்கப்பை இன்றைக்கே சரிசெய்யவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

பாமசி, தனியார் வைத்தியநிலையம், கடன் வழங்கும் சங்கம் போன்றவை இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். அவர்களிடம் இருப்பது மற்றவர்களின் நோய் விபரமும் அடையாள அட்டை இலக்கமும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விபரங்களைக் காக்கும் பொறுப்பை வைத்திருப்பவரிடமே தருகிறது.

## எந்த ஒழுங்கில், எந்த மாதத்தில்

காசு ஒரேயடியாக இல்லாதபோது ஒழுங்கு இதுதான். முதலில் பெக்கப், பிறகு மின்சாரமும் யூபிஎஸ்ஸும், பிறகு பின்னறைக் கணினி, பிறகு வயரும் ரவுட்டரும், கடைசியாக முன்மேசைக் கணினிகள். பெரும்பாலான கடைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. வாடிக்கையாளர் கண்ணில் படும் திரை முதலில் புதிதாகிறது.

காலத்தையும் தெரிந்தெடுக்கவேண்டும். பசளைக் கடை காலபோக விதைப்பு நேரத்தில் மென்பொருளை மாற்றக்கூடாது. ஆலை அறுவடையில் நெல் ஏற்கும் கிழமைகளில் சேர்வரைத் தொடக்கூடாது. புடவைக் கடைக்குத் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் முந்திய வாரங்கள் விலக்கு. உங்கள் வியாபாரம் மந்தமாக இருக்கும் மாதத்தை இப்போதே குறித்து, அதற்கு இரண்டு மாதம் முந்தி விலைமனு வாங்குங்கள். குறைந்தது இரண்டு இடத்தில் வாங்குங்கள், பழுதானால் எத்தனை மணித்தியாலத்தில் ஆள் வரும், யாழ்ப்பாணத்திலிருந்தா வவுனியாவிலிருந்தா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு மாதம் வரை பழைய பின்னறைக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து அப்படியே வைத்திருங்கள். புதியதில் கடன் மீதிகள், கையிருப்பு, கொடுக்கவேண்டிய தொகைகள் மூன்றும் பழையதோடு ஒத்துவருகின்றனவா என்று ஒரு மாத முடிவில் ஒப்பிடவேண்டும். ஒத்துவந்த பிறகு பெட்டியை விற்கலாம், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துவிடுங்கள். கோப்புகளை அழித்துவிட்டுக் கொடுத்தாலும் சாதாரண மீட்பு மென்பொருளால் அவற்றைத் திரும்ப எடுக்க முடியும். உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் கடனும் அதற்குள் இருக்கின்றன.